கையை வீசினால் கேமுக்குள்ளேயே போயிடலாமா? மோஷன் கன்ட்ரோல்... நிஜமா, பில்டப்பா?

பட்டனை அழுத்தி டென்னிஸ் ஆடுவதற்கும், கையையே மட்டை மாதிரி வீசி ஆடுவதற்கும் வித்தியாசம் இருக்கா? 'இருக்கு' என்று 2006-ல் உலகத்தையே நம்பவைத்தது நின்டெண்டோவின் 'வீ' கன்சோல். 10 கோடிக்கும் மேல் விற்றது. ரிமோட் கைநழுவிப் பறந்த புகார்கள் வர, அந்த டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் மணிக்கட்டுப் பட்டைகளை மாற்றித்தருவதாக நின்டெண்டோ அறிவித்தது. அவ்வளவு ஆவேசமா ஆடியிருக்காங்க!

ஆனால், முழுக்கையையும் வீசத் தேவையே இல்லை. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை லேசாக வெட்டினாலே பந்து பறக்கும். காரணம், ரிமோட்டில் இருந்த ஆக்சிலரோமீட்டர். அசைவின் வேகமாற்றத்தை உணரும். கை திரும்புவதைத் துல்லியமாகப் பிடிக்காது. அதற்காகவே 2009-ல் கைரோஸ்கோப்புடன் 'மோஷன் ப்ளஸ்' வந்தது.

கினெக்ட் என்னாச்சு?

2010-ல் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட்டுக்கு ரிமோட்டே வேண்டாம். கேமராவே உடம்பைக் கவனிக்கும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்பனை. டான்ஸ் கேம்களுக்கு செம செட். ஆனால், ஓடணும்னா? ஹாலில் எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்! அசைவுக்கும் திரைக்கும் நடுவே தாமதம் வேறு. 2017-ல் தயாரிப்பு நின்றது.

எப்போ வொர்க்அவுட் ஆகும்?

வாள் சண்டையை எடுத்துக்கோங்க. திரையில் எதிரியின் கேடயத்தில் உங்கள் வாள் மோதி நிற்கும். நிஜத்தில் உங்கள் கை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அந்த நொடியே 'இது கேம்தான்' என்று மூளைக்குத் தெரிந்துவிடும். வி.ஆர் ஹிட்டான 'பீட் சேபர்' ஜெயித்தது இங்கேதான். அதில் ஒளிவாள் கட்டைகளை வெட்டிக்கொண்டே போகும், எதிலும் முட்டி நிற்காது. கை செய்வதும் கண் பார்ப்பதும் ஒன்றாக இருந்தால்தான் கேமுக்குள் மூழ்க முடியும்.

உங்க மொபைல்ல?

பி.ஜி.எம்.ஐ-யில் கைரோஸ்கோப்பை ஆன் செய்தால், போனைச் சாய்த்தே குறிவைக்கலாம். துப்பாக்கி பிடித்த ஃபீல் எல்லாம் வராது. ஆனால், பழகிவிட்டால் கன்ட்ரோலே மறந்துபோகும். அதுவும் ஒருவகை மூழ்கல்தான். முதலில் 'ஸ்கோப் ஆன்' மட்டும் வைத்துப் பழகுங்கள்.

எல்லோருக்கும் இது செட் ஆகாது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு, கையை அதிகம் அசைக்க முடியாதவர்களுக்கு இது கதவை மூடுவது போல. 2011-ல் மோஷன் கன்ட்ரோலை நம்பியே வந்த 'ஸ்கைவேர்ட் ஸ்வோர்ட்', 2021 ஹெச்.டி பதிப்பில் பட்டனிலும் ஆட வழி கொடுத்தது. வேண்டுமென்றால் ஆன், வேண்டாமென்றால் ஆஃப். அந்த சாய்ஸ் கொடுக்கும் கேம்தான் பெஸ்ட்!