சம்பளமில்லாத உதவியாளர்

கணக்கு வகுப்புக்கு ஒரு மாணவி முதலைக் குட்டியைக் கொண்டுவந்தால் ஆசிரியர் என்ன செய்வார்? லண்டனில் 1913-ல் அப்படி நடந்ததாகச் சொல்வார்கள். அந்த மாணவியின் பெயர் ஜோன் புரொக்டர். பாம்பும் பல்லியும் வளர்ப்பதில் சிறுவயது முதலே அவருக்கு ஆசை. கல்லூரிக்குப் போகமுடியாதபடி தீராத குடல் நோய் குறுக்கே வந்தது.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அப்போது ஊர்வனப் பிரிவைக் கவனித்தவர் புலாஞ்சே. இந்திய ஊர்வனவற்றைப் பற்றி 1890-ல் பெருநூல் எழுதியவரும் இவரே. அவர் 1916-ல் புரொக்டரைத் தம் உதவியாளராக அழைத்தார். சம்பளம் கிடையாது.

பாம்புகளை இனம் பிரிக்கச் செதில்களை எண்ணவேண்டும். ஒரே இனத்திலும் எண்ணிக்கை சற்று மாறும். எவ்வளவு மாறினால் அது வேறினம்? புத்தகம் படித்தால் மட்டும் போதாது. சாராய ஜாடிகளில் உள்ள மாதிரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகிய கண் வேண்டும். இரண்டாண்டுக்குள் குழிவிரியன் ஒன்றின் வேறுபாடுகளைப் பற்றி அவரே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார். 1920-ல் புலாஞ்சே ஓய்வு பெற்றதும் பிரிவின் பொறுப்பு இவரிடம் வந்தது. பட்டம் பெறாத அவர் 1923-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையின் ஊர்வனக் காப்பாளரானார்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவர் எழுந்து, "வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டியவன் இப்படிப் போகமுடியுமா, சார்?" என்றார். நியாயமான கேள்வி. புரொக்டரின் குடும்பம் வசதியானது. அது இல்லாவிட்டால் அந்த ஜாடிகளின் பக்கமே அவர் வந்திருக்கமுடியாது. பயணப்படியாவது கொடுக்காமல் இளைஞர்களைத் தொண்டுக்கு அழைப்பது சரியல்ல என்றே எனக்கும் தோன்றுகிறது.

இயற்பியல் ஆசிரியனான என்னைக் கவர்ந்தது, அவர் திட்டமிட்டு 1927-ல் திறக்கப்பட்ட ஊர்வன இல்லம். பல்லி தன் உடல் வெப்பத்தை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். ஆகவே கூண்டுக்குள் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கும்படி மின்சாரத்தால் வெப்பமூட்டச் செய்தார். எலும்பு உறுதிக்கு வேண்டிய புற ஊதாக் கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்காக அக்கதிரை உள்ளே விடும் தனிக் கண்ணாடி பொருத்தினார். பார்ப்பவர் நிற்கும் கூடம் இருட்டு, கூண்டுக்குள் வெளிச்சம். கண்ணாடியில் நம் முகம் தெரியாது, பாம்புதான் தெரியும்.

புரொக்டர் 1931-ல், 34 வயதில் காலமானார். அந்தக் கட்டிடத்தில் 90 ஆண்டுகளுக்கு மேல் பாம்புகள் வசித்தன.