காற்றுக் கொந்தளிப்பும் பறப்புயரமும்

காற்றுக் கொந்தளிப்பு என்பது குறுகிய தொலைவுக்குள் காற்றின் வேகமும் திசையும் ஒழுங்கின்றி மாறும் நிலை. இதில் சிக்கும் விமானத்தால் குறித்த உயரத்தில் நிலைத்துப் பறக்க இயலாமல் போகலாம்.

உயரம் மாறும் விதம்

விமானத்தின் எடையை இறக்கைகளின் தூக்குவிசை தாங்குகிறது. மேலெழும் காற்றில் இவ்விசை திடீரெனக் கூடும். கீழிறங்கும் காற்றில் குறையும். நொடிப்பொழுதுக் குலுக்கலால் உயரம் அதிகம் மாறுவதில்லை. 2024 மே 21 அன்று மியன்மார் வான்பரப்பில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 321ஆம் இலக்க விமானம் இழந்த உயரம் ஏறத்தாழ 54 மீட்டர்தான். ஆயினும் அந்தக் குலுக்கலில் பலர் காயமுற்றனர், ஒருவர் உயிரிழந்தார். உயரத்தை உண்மையில் பறிப்பது நீடித்து இறங்கும் காற்று. அதன் வேகம் விமானத்தின் ஏறுவேகத்தை விஞ்சினால், எஞ்சின்கள் முழு விசையில் இயங்கினாலும் விமானம் தாழும்.

ஊவா மலைகளில்

இப்படி இறங்கும் காற்றை இலங்கையின் ஊவாவில் காணலாம். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. இதுவே கச்சான் காற்று. பதுளை மாவட்டத்தில் 2,036 மீட்டர் உயர்ந்த நமுனுகுல போன்ற மலையைப் பலத்த காற்று கடக்கையில், மேலே நிலையான காற்றடுக்கு இருந்தால், மலைக்கு அப்பால் காற்று அலையலையாக ஏறி இறங்கும். அலைகளின் அடியில் சுழல்கள் உருவாகும். ஈரம் இருந்தால் அலைமுகட்டில் வில்லை வடிவ முகில் தோன்றி எச்சரிக்கும். வறண்ட காற்றில் அந்த அடையாளம் இராது. 1966 மார்ச் 5 அன்று ஜப்பானின் பூஜி மலையருகே ஒரு போயிங் 707 இத்தகைய கொந்தளிப்பில் உடைந்து, 124 பேர் மாண்டனர். அன்று வானம் தெளிவாகவே இருந்தது.

மலைமுகட்டைக் கடக்கும் பலத்த காற்றில் அழுத்தம் குறைவதால், அழுத்தத்தைக் கொண்டு இயங்கும் உயரமானி உண்மையைவிடக் கூடுதல் உயரத்தைக் காட்டக்கூடும்.

விமானிகளின் நடைமுறை

கடும் கொந்தளிப்பில் உயரத்தை விடாப்பிடியாகக் காக்க முயல்வது விமானக் கட்டமைப்பின் சுமையைக் கூட்டும். ஆகவே விமானிகள் கொந்தளிப்புக்கெனக் குறித்த வேகத்துக்கு மாறி, இறக்கைகளை மட்டமாகவும் மூக்கின் சாய்வைச் சீராகவும் வைத்து, உயரம் ஓரளவு ஏறி இறங்க விடுகின்றனர். 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்களுக்கிடையே 1,000 அடி இடைவெளியே இருப்பதால், விலகலைக் கட்டுப்பாட்டு மையத்துக்கு உடனே அறிவிப்பது அவசியம்.

மலைமேல் இப்படி விட்டுக்கொடுக்க இடம் குறைவு. ஆகவே அந்த உயர இடைவெளியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். சர்வதேச விதிப்படி, மலைப்பகுதியில் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம், 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் குறைந்தது 600 மீட்டர் உயரத்தில் செல்ல வேண்டும். நமுனுகுல உச்சிக்கு மேல் அது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,640 மீட்டராகும்.