வண்டலூர் ஹெரால்டும் 11.5 மில்லிமீட்டரும்

ஸ்ட்ரோக்னு பார்த்ததும் கை கால் இழுத்துக்கிட்ட கதைன்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். இது கார் இன்ஜினோட ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலிருந்து கீழ வரைக்கும் ஓடுற தூரம். இன்னைக்கு பிபி, சுகர் எதுவும் கிடையாது.

காஞ்சிபுரத்துல இருந்து வாலாஜாபாத், ஒரகடம், படப்பைன்னு வண்டலூர் போற ரோட்டுல இப்போ எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி கம்பெனிதான். ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவங்க எல்லாம் வர்றதுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே, அந்த ரோடு முடியுற இடத்துல ஒரு கார் ஃபேக்டரி இருந்துச்சு. ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. சென்னை யூனியன் கம்பெனியும் இங்கிலாந்து கோவென்ட்ரியோட ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 1948-ல ஆரம்பிச்சது. அன்னைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல காஞ்சிபுரம் மாவட்டம், 2019-ல மறுபடி செங்கல்பட்டு. இடம் நகரல, போர்டுதான் மாறிச்சு.

அங்கிருந்து 1961-ல வந்ததுதான் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இத்தாலிக்காரர் மிக்கலாட்டி வரைஞ்ச வடிவம். பானட்டைத் தூக்கினா மட்கார்டோட சேர்த்து முன்பக்கம் மொத்தமும் எழும்பும், இன்ஜினைச் சுத்தி நின்னு வேலை பார்க்கலாம். நோயாளிகள் இந்த அளவுக்கு ஒத்துழைச்சா எங்க வேலை பாதி குறையும். இங்கிலாந்து ஹெரால்டுக்கு ரெண்டு கதவுதான். நாலு கதவு ஹெரால்டு பண்ணது நம்ம வண்டலூர்.

இன்ஜின் 948 சிசி. இனி கதை அதைப் பத்தினது.

சிசியைக் கூட்ட ரெண்டே வழி. சிலிண்டரை அகலமாக்கலாம், பட்டறைல 'போர் அடிக்கிறது'ம்பாங்க. இல்ல, பிஸ்டன் ஓடுற தூரத்தை நீட்டலாம், அதுக்கு கிராங்க்கையே மாத்தணும். அப்படி நீட்டின இன்ஜினுக்குத்தான் 'ஸ்ட்ரோக்கர்'னு பேரு. (எங்க பாடத்துலயும் இந்த வார்த்தை உண்டு. இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுற சுமார் 70 மில்லி ரத்தம் 'ஸ்ட்ரோக் வால்யூம்'.)

இந்த இன்ஜின் 1953-ல ஸ்டாண்டர்ட் எய்ட் கார்ல 803 சிசியா பிறந்தது. போர் 58 மி.மீ, ஸ்ட்ரோக் 76. அடுத்த வருஷமே போர் 63 ஆச்சு, அதுதான் நம்ம 948. 1961-ல 69.3 ஆக்கி 1147 சிசி. 1965-ல 73.7 ஆக்கி 1296 சிசி. கவனிச்சீங்களா? போர் மட்டும் வளருது. ஸ்ட்ரோக் அதே 76.

ஏன் தொடல? கிராங்க்தான் இன்ஜினோட முதுகெலும்பு. அதைத் தாங்குறது மூணே மெயின் பேரிங். சின்ன கார் இன்ஜினுக்கு அன்னைக்கு அது போதும்.

ஆனா போர் அடிக்கவும் ஒரு எல்லை இருக்கு. சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல உலோகம் மிச்சம் இருக்கணுமே! 1970-ல வேற வழியில்லாம கிராங்க்ல கை வச்சாங்க. ஸ்ட்ரோக் 76-ல இருந்து 87.5. இன்ஜின் 1493 சிசி. கம்பெனியே கட்டின ஸ்ட்ரோக்கர்னு இதைச் சொல்லலாம். பின்னாடி ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500-லயும், எம்ஜி மிட்ஜெட்லயும் இதே இன்ஜின்தான்.

கீழ்வேகத்துல இழுவை அருமை. ஆனா ஹைவேல மணிக்கணக்கா விரட்டினா பிக் எண்ட் பேரிங் போகுதுன்னு கெட்ட பேரு வந்துச்சு. மிட்ஜெட் ரசிகர்கள்ல பலருக்கு இன்னும் அந்தக் கோபம் தீரல.

காரணம் எளிய கணக்கு. 6000 ஆர்பிஎம்ல 76 ஸ்ட்ரோக் இன்ஜினோட பிஸ்டன் சராசரியா வினாடிக்கு 15.2 மீட்டர் ஓடும். 87.5-ல அது 17.5. ஒவ்வொரு தடவையும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பி அனுப்புற விசையும் 15 சதவீதம் கூடும். தாங்குறதோ அதே மூணு மெயின் பேரிங். ஜர்னலைப் பெருசாக்கிப் பார்த்தாங்க. கிராங்க் உறுதியாச்சு, ஆனா உரசுற வேகமும் சேர்ந்து கூடுச்சு. ஆயில் சூடாகி நீர்த்துப் போனா முதல்ல அடிவாங்குறது பேரிங்தான். ரத்த அழுத்தம் விழும்போது மூளைல ரெண்டு ரத்தக்குழாய்களோட எல்லைல இருக்குற பகுதி முதல்ல வாடுற மாதிரி.

வண்டலூருக்கு இந்தப் பிரச்சனையே வரல. லைசென்ஸ், இறக்குமதிக் கட்டுப்பாடுன்னு இருந்த காலம். ஹெரால்டுக்கு அப்புறம் 1972-ல வந்த கெஸலும் அதே 948-தான். பின்தங்கிட்டோம்னு அன்னைக்குப் பேசினாங்க. என்னைக் கேட்டா, இன்னைக்கும் சில ஹெரால்டு ஓடுறதுக்கு அந்தப் பின்தங்கலும் ஒரு காரணம்.

ஆனா அதே பழக்கம் கடைசில கழுத்தைப் பிடிச்சது. 1985-ல வந்த ஸ்டாண்டர்ட் 2000-க்கு ரோவர் எஸ்டி1-னோட அழகான பாடி. உள்ள இருந்ததோ வேன்கார்டு கால 1991 சிசி இன்ஜின். ஃபெர்குசன் டிராக்டர்ல ஓடின அதே வம்சம், ஸ்ட்ரோக் 92. மாருதி வந்தாச்சு, பெட்ரோல் விலை ஏறியாச்சு, இது பெட்ரோலைக் குடிச்சுது. 1988-ல எல்லாம் முடிஞ்சுது.

சரி, இதை ஏன் இப்போ எழுதுறேன்னா, நம்ம ஊர்ல ஒரு பட்டு வியாபாரி குடும்பம் அப்பா காலத்து ஹெரால்டை மறுபடி ஓட்டணும்னு நிக்குறாங்க. 948 பிளாக் கடைசி ஓவர்சைஸ் வரைக்கும் போர் அடிச்சாச்சு. "1500 இன்ஜின் போட்டுடலாமா டாக்டர்?"னு மகன் கேக்குறாரு. கார் பைத்தியம்னு தெரிஞ்சா இப்படித்தான், மருந்துச் சீட்டுக்கு முன்னாடி இன்ஜின் கேள்வி வரும்.

போடலாம். ஆனா கீழிருந்து கட்டணும். கிராங்க்ல விரிசல் இருக்கான்னு சோதிக்கணும், ஜர்னலை அளக்கணும், ஆயில் போற துளைகளைச் சுத்தம் பண்ணணும். கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன், ஃப்ளைவீல் எல்லாத்தையும் பேலன்ஸ் பண்ணணும். புது ஆயில் பம்ப், ஒரு ஆயில் கூலர், டேஷ்போர்டுல பிரஷர் மீட்டர். ஹெட்டையும் பார்க்கணும். கம்பஸ்டன் சேம்பரை மாத்தாம 1296-ல இருந்து 1493-க்குப் போனா 8.5 கம்ப்ரஷன் 9.6-ஐத் தாண்டிடும், இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். 76-ல 6000 ஆர்பிஎம் போற பிஸ்டன் வேகத்தை 87.5-ல தாண்டக் கூடாதுன்னா 5200-லயே காலை எடுக்கணும். பிரேக்கும் சேசிஸும் 948-க்குப் போட்டது, அதையும் மறக்கக் கூடாது.

அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்னது, பிளாக்குக்கு ஸ்லீவ் போட்டு அதே 948-ஐ ஒழுங்கா கட்டுங்கன்னுதான். ஏகாம்பரநாதர் கோயில் வரைக்கும் போய் வர 1500 எதுக்கு? மகனுக்குத் திருப்தி இல்ல. 1500 தேடிட்டுதான் இருக்காரு.

தேடுறவங்களுக்கு ஒரு சோதனை. ஒருத்தர் கிளட்ச்சை மிதிக்கட்டும், இன்னொருத்தர் முன்னாடி கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியுற அளவு புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தா த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சு. அது கழண்டு சம்ப்புக்குள்ள விழுந்தா கிராங்க் பிளாக்கையே அரைச்சிடும். அந்த இன்ஜினுக்கு அட்வான்ஸ் குடுக்காதீங்க.