முதிய பூனைகள்: மணல் தட்டு உணர்த்தும் நோய் அறிகுறிகள்

வயது முதிர்ந்த பூனை மணல் தட்டைத் தவிர்த்துத் தரையில் மலம் கழிக்கத் தொடங்கினால், அதைப் பிடிவாதம் என ஒதுக்கிவிடக் கூடாது. வலியை மறைப்பது பூனைகளின் இயல்பு என்பதால், தட்டில் தென்படும் மாற்றமே பல நேரங்களில் நோயின் முதல் அறிகுறியாக அமைகிறது.

பொதுவாக 10 வயதைக் கடந்த பூனைகள் முதியவையாகக் கருதப்படுகின்றன. அமெரிக்காவில் 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் கண்டறியப்பட்டது. மூட்டு வலியுள்ள பூனைக்கு உயரமான விளிம்பைத் தாண்டுவதும், குந்தி அமர்வதும் கடினம். அதனால் மலத்தை அடக்கும்போது, பெருங்குடல் அதிலுள்ள நீரை மேலும் உறிஞ்சிக்கொள்வதால் மலச்சிக்கல் உண்டாகிறது.

நாள்பட்ட சிறுநீரக நோயும் முக்கியக் காரணமாகும். சிறுநீர் வழியே அதிக நீர் வெளியேறுவதால் உடல் வறண்டு, மலம் இறுகுகிறது. இந்நிலை நீடித்தால் பெருங்குடல் விரிவடைந்து, சுருங்கும் திறனை இழக்கக்கூடும். மாறாக, நன்கு உண்டும் எடை குறைந்து, வயிற்றுப்போக்கும் காணப்பட்டால் தைராய்டு மிகைச் சுரப்புக்கான பரிசோதனை அவசியம்.

உடனடிக் கவனம் தேவை

பெரும்பாலான பூனைகள் நாளொன்றுக்கு ஒருமுறையாவது மலம் கழிக்கும். இரண்டு நாள்களுக்கு மேல் கழிக்காவிட்டால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும். தட்டில் அமர்ந்து முக்குவது எப்போதும் மலச்சிக்கலாகவே இருப்பதில்லை. குறிப்பாக, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வெளியேறாவிட்டால், அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாள்களில் உயிருக்கே ஆபத்தாகும் இந்நிலையில் தாமதமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும்.

மனிதர்களுக்கான மருந்துகளைக் கொடுக்கக் கூடாது. பாஸ்பேட் கலந்த எனிமாவும் பாராசிட்டமாலும் பூனைகளுக்கு நஞ்சாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள லாக்டோஸ் செரிப்பதில்லை என்பதால், மலமிளக்கியாகப் பால் கொடுப்பதும் ஏற்றதன்று.

வீட்டில் செய்யக்கூடியவை

நுழைவிடம் தாழ்வாக உள்ள அகலமான தட்டு, நறுமணம் சேர்க்கப்படாத மென்மையான மணல், அன்றாடத் தூய்மை ஆகியவை முதிய பூனைகளுக்கு உதவும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வைப்பது நல்லது. மாடி வீடுகளில் தளத்துக்கு ஒரு தட்டு வைக்கலாம். உலர் உணவில் ஏறத்தாழ 10 சதவீதமே நீர் உள்ளதால், ஈர உணவைச் சேர்ப்பது நீர்ச்சத்தைக் கூட்டும். தட்டைச் சுத்தம் செய்யும்போது மலத்தின் அளவு, தன்மை, நிறம் ஆகியவற்றைக் குறித்து வைத்தால், மருத்துவர் நோயை விரைவில் கண்டறிய அது துணைபுரியும்.