பெயரில்லாப் பாட்டுக்குக் கூலியில்லை



நெகிரி செம்பிலானில் லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பால்மரம் மட்டும் சீவவில்லை, பாட்டும் கட்டினர். விடியற்காலைப் பெரட்டு, கங்காணியின் கண்டிப்பு, கப்பலேறி வந்த ஏக்கம் ஆகியவை தெம்மாங்காகவும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் உருவெடுத்தன. மரம் சீவியவரின் நாள்கணக்கைக் கிராணி செக்ரோலில் எழுதினார். பாட்டுக் கட்டியவரின் பெயரை எழுதி வைத்தவர் எவருமிலர். ஆதலால் அப்பாடல்கள் நாட்டுப்புறப் பாடல் என்னும் பொதுப்பெயரில் நிற்கின்றன. அவற்றால் பிறர் பொருளீட்டினும் கட்டியவர் குடும்பத்திற்கு ஒரு காசும் சேர வழியில்லை.

பாட்டுக்குக் கூலி கேட்கலாமா என்று நம்மவர் தயங்குவதுண்டு. 1847ஆம் ஆண்டு பாரிஸ் நகரின் உணவகம் ஒன்றில் தம் பாடல் இசைக்கப்படுவதைக் கேட்ட எர்னெஸ்ட் பூர்ழே என்னும் பாடலாசிரியர், “என் பாட்டுக்கு நீங்கள் பணம் தராதபோது, உங்கள் பானத்துக்கு நான் ஏன் தர வேண்டும்?” என்னும் கருத்தில் பணம் கட்ட மறுத்தார். வழக்கில் அவர் பக்கமே வென்றது. 1851இல் படைப்பாளர்களுக்காக உரிமைத்தொகை திரட்டும் சாசெம் சங்கம் தோன்றிற்று.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அவ்வழியைத் திறந்தது. அவ்வகையில் உரிமைத்தொகை திரட்டிப் பகிர 1989இல் எம்.ஏ.சி.பி. நிறுவனம் அமைந்தது. வானொலியிலும் மேடையிலும் தம் பாடல் ஒலிக்கும்போது, அதில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிந்துவைத்த படைப்பாளர்க்குப் பங்கு சேரும். பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. தாமே எழுதித் தம் செலவில் பதிவு செய்பவர் இரண்டையும் கைக்கொள்ளலாம்; யூடியூப், ஸ்பாட்டிஃபை முதலியவற்றின் வருவாயும் அவரை வந்தடையும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பிறர் கேட்டுக்கொண்டபடி ஒரு தொகைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து உரிமை கேட்டவரையே சேரும் என்கிறது அச்சட்டத்தின் 26ஆம் பிரிவு. திருமணப் பாட்டாயினும் இசைத்தட்டுக்கான பாட்டாயினும், உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் முடித்த பின்னரே கொடுத்தல் நன்று.

லயத்து வீடு தோட்ட நிருவாகத்தினுடையது. வேலை போயின் வீடும் போயிற்று. பாட்டு அத்தகையதன்று. ஆசிரியரின் வாழ்நாளும், மறைந்தபின் 50 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும், பிள்ளைகளுக்கும் சேரும். எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வடிவம் பெற்ற அளவிலேயே சட்டப் பாதுகாப்பு உண்டு. வலுவான சான்று வேண்டுவோர்க்கு, மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் விருப்பின்பேரில் அறிவிக்கும் முறை 2012 முதல் உள்ளது.

ஆகவே என் வகுப்பில் மாணவர் பாட்டெழுதினால், அடியில் பெயரும் நாளும் எழுதச் சொல்கிறேன். வீட்டில் பாட்டி பாடும் பாட்டுக்கும், அது யார் கட்டியது என்று கேட்டு எழுதச் சொல்கிறேன். நீங்களும் செய்யுங்கள். செக்ரோலில் ஏறாத பெயர் நம் பிள்ளைகளின் ஏட்டிலாவது ஏறட்டும்.