காட்சியின் மேல் காட்சி: அளவு மாறும் சாளரத்தின் வரலாறு

முருகனின் அறுபடைவீடுகளை ஒரே தாளில் காட்டும் அச்சுப்படங்கள் திருத்தணி போன்ற தலங்களில் பெருவழக்கின. அவற்றுள் ஒருவகை, நடுவில் ஒரு மூர்த்தத்தைப் பெரிதாக அமைத்து ஏனையவற்றைச் சிறு கட்டங்களாகப் பதித்திருக்கும். எது பெரிது, எது எதை மறைக்கும் என்பதை ஓவியர் ஒருமுறை தீர்மானித்துவிடுகிறார். அச்சேறியபின் அது மாறாது. இயங்கும் காட்சியின் மேல் மற்றொரு காட்சியைச் சாளரமாக இடும் தொழில்நுட்பத்தின் வரலாற்றையும் இவ்வினாவைக் கொண்டே அணுகலாம். சாளரம் இடுவது பழையது. அதன் அளவை மாற்றுவதே புதியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

தமிழ்த் திரைப்படத்தில் இதன் முன்வடிவத்தை இரட்டை வேடக் காட்சிகளில் காணலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் வெளியிட்ட ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களை ஏற்றார். ஒரே நடிகரை ஒரே சட்டகத்தில் இருமுறை காட்ட, வில்லையின் ஒரு பகுதியை மறைத்துப் படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபகுதியைத் திறந்து மீண்டும் பிடிப்பது அக்காலத் திரைத்துறை அறிந்த முறை. கேமரா அசையலாகாது; நடிகர் எல்லைக்கோட்டைத் தாண்டலாகாது. பின்னர்ப் பரவிய ஒளியியல் அச்சுப்பொறி படத்தைச் சுருக்கவும் செய்தது. ஆயினும் அது சட்டகம் சட்டகமாக ஆய்வகத்தில் நிகழும் பணி, நேரலைக்கு உதவாது.

நேரலையின் தேவையோ வேறு. திருத்தணியில் டிசம்பர் 31 அன்று நடைபெறும் படித்திருவிழாவை எண்ணிப் பார்க்கலாம். 365 படிகளில் ஒவ்வொரு படிக்கும் பூசையும் திருப்புகழும் நிகழும் வேளையில், மலைமேல் கோயிலிலும் வழிபாடு நடக்கும். அச்சுப்படம் ஆறு இடங்களைக் காட்டினாலும் அதில் காலம் இல்லை. ஒரே கணத்தின் இரு இடங்களைக் காட்ட நேரலைச் சாளரம் வேண்டும்.

தொலைக்காட்சியில் இரு படங்களைக் கலக்க வேண்டுமாயின், இரண்டும் ஒரே கணத்தில் ஒரே வரியை வரைந்தாக வேண்டும். நிலையத்துள் இது எளிது. வெளியிலிருந்து வரும் படம் இவ்வாறு ஒத்திசையாது. இதற்காகப் பிரித்தானியக் குவாண்டெல் நிறுவனம் உருவாக்கிய ஒத்திசைவுக் கருவி, வரும் படத்தை எண்மமாக்கி, ஒரு முழுச் சட்டகத்தை நினைவகத்தில் நிறுத்தி, உரிய கணத்தில் வெளியிட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தீபச்சுடர் சிறு கட்டமாகத் திரையில் தோன்றியது இக்கருவியால்தான். பெயரே உணர்த்துவதுபோல, அதன் முதன்மைப் பணி ஒத்திசைவே. சுருக்குதல், படம் நினைவகத்தில் தங்கியதால் வாய்த்த உபரிப் பயன். 576 வரிகளும் வரிக்கு 720 புள்ளிகளும் கொண்ட படத்தை ஒன்றுவிட்டு ஒன்றாகப் படித்தால் 288 வரிகளும் 360 புள்ளிகளும் எஞ்சும். பரப்பு கால் பங்காகும். வெறுமனே விட்டுப் படித்தால் விளிம்புகள் சிதறுமாதலின், அண்டைப் புள்ளிகளின் சராசரி கொள்ளப்படும்.

அளவைத் தீர்மானிக்கும் உரிமை ஓவியரிடமிருந்து ஒளிபரப்பாளரிடம் வந்தது. பார்வையாளரிடம் அதனை ஒப்படைத்தது கணினி. 1970களில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், ஒன்றன்மேல் ஒன்று படியும் சாளரங்கள் உருவாயின. பின்வந்த வரைகலை அட்டைகள், திரையில் குறித்த வண்ணம் தீட்டிய இடத்தில் மட்டும் நிகழ்படத்தைப் புகுத்தின. பயனர் சாளரத்தை இழுக்க, படமும் உடன் விரிந்தது.

தொலைக்காட்சிக்கு இவ்வுரிமை முழுமையாக வந்து சேரவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் சைகைமொழிபெயர்ப்புக்கு வழிசெய்யுமாறு கூறுகிறது. சாளரத்தின் அளவை அப்பிரிவு வரையறுக்கவில்லை. சைகைமொழியில் விரல்வடிவோடு புருவ அசைவும் இலக்கணக் கூறாகும். பக்கத்திற்குக் கால் பங்காகச் சுருங்கிய சாளரத்தில், மேற்கண்ட கணக்கின்படி, மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பது 180 புள்ளிகளும் 144 வரிகளும் மட்டுமே. இரு காட்சிகளும் நிலையத்திலேயே கலந்து ஒரே படமாக அனுப்பப்படும்வரை, காது கேளாத பார்வையாளர் அச்சாளரத்தை மட்டும் விரித்துக்கொள்ள இயலாது. தனித்தனி ஓடைகளாக அனுப்பினால், அவர் வீட்டுக் கருவியின் நினைவகமே அதனைச் செய்துவிடும்.