மன்னன் மன்றத்து ஓலையும் நாலாயிரம் எழுத்தும்

கொழும்பு ஹெவ்லொக் டவுன் தொடர்மாடிகளில் ஒரே தளத்தில் இரண்டு விதமான விண்ணப்பதாரர்கள் இருப்பார்கள். ஒருவர் உள்ளூர் உயர்தரம் எழுதியவர். அரச பல்கலைக்கழக அனுமதியில் அவருக்காகப் பேசுவது பரீட்சைப் புள்ளிகளிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு எனக் கணக்கு முடிந்துவிடும், “ஏன் இந்தத் துறை?” என்று அவரை எவரும் கேட்பதில்லை. மற்றவர் லண்டன் ஏ லெவல் எழுதுபவர். அவர் பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூகாஸ் (UCAS) படிவத்தின் முன் அமர்ந்து, இடைவெளியும் சேர்த்து 4,000 எழுத்துக்குள் தம்மைப் பற்றித் தாமே சொல்ல வேண்டும்.

பலருக்குப் பேனா நகராத இடம் இதுதான். ஆங்கிலம் வராமல் அல்ல, கூச்சத்தினால். தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்வது மரியாதையல்ல என்றுதான் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறோம். அந்தக் கூச்சத்துக்கு இலக்கணத்திலும் ஆதாரம் உண்டு. எவ்வளவு அரிய நூல்களைச் செய்து முடித்தவனானாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது என்று நன்னூற் பாயிரத்தில் பவணந்தி முனிவர் விதிக்கிறார். பலர் இந்த விதியோடு நின்றுவிடுகிறோம். அடுத்த சூத்திரத்திலேயே அவர் நான்கு விலக்குகள் தருகிறார்: அரசன் மன்றத்துக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலத்தில்.

முதல் இரண்டையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். அவை யூகாஸ் விண்ணப்பத்துக்கென்றே எழுதியவை போலிருக்கின்றன. விண்ணப்பதாரர் ஓலை அனுப்புகிறார். பெறுகிறவர்கள் அவரை ஒருபோதும் கண்டதில்லை. மூன்றாவது விலக்கும் அரைவாசி பொருந்தும், ஏனெனில் இடங்கள் குறைவு, கேட்போர் அதிகம். 13ஆம் நூற்றாண்டு இலக்கணமும் 21ஆம் நூற்றாண்டுப் படிவமும் ஒரே நிலைமையை முன்னிட்டே தற்கூற்றை அனுமதிக்கின்றன: கேட்பவர் அறியாதபோது சொல்பவர் மௌனமாக இருப்பது பணிவாகாது.

அனுமதி கிடைத்தபின் எதைச் சொல்வது? இங்கே நன்னூலை விட்டு, தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த சிறப்புப் பாயிரம் என்ற முன்னுரையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் மதிப்பில் தமிழில் இதைவிடச் சிறந்த மாதிரி இல்லை. நூலாசிரியர் ஆராய்ந்த நிலப்பரப்பு வேங்கடம் முதல் குமரி வரை என்று எல்லை கட்டுகிறது. அவர் மக்கள் வழக்கையும் செய்யுளையும் நோக்கினார் என்கிறது. முன் நூல்களைக் கண்டார், ஐந்திரம் என்ற இலக்கணத்தைக் கற்றார் என்கிறது. பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானிடம் நூலை ஐயமறக் காட்டினார் என்கிறது. புகழ்ச்சி அடைமொழிகள் மிகச் சில. மற்றதெல்லாம் செயல், படிப்பு, இடம், தேர்வு.

இதற்கு எதிரே வழக்கமான முதல் வரைவு ஒன்றை வைப்போம். சிறுவயது முதலே பொறியியலில் தீராத ஆர்வம், கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உடையவர். பனம்பாரனார் கடைசியில் சிறிதளவு இட்டதை இந்த வரைவு முதலிலேயே அள்ளிக் கொட்டிவிடுகிறது. அதே மாணவர் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பற்றி எழுதட்டும். அடைமழை நாளில் அங்கே நீர் எப்படி நின்றது, மணல் மேடு எப்படி வழியை அடைத்தது, அதைப் புரிந்துகொள்ள இயற்பியலில் எந்தப் பாடத்துக்குத் திரும்பிப் போனார், எது இன்னும் விளங்கவில்லை என்று நான்கு வரி போதும். ஆர்வம் என்ற சொல்லே இல்லாமல் ஆர்வம் தெரியும். எல்லை, வழி, முன் நூல், ஆய்ந்த பொருள் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

பாயிரத்துக்கும் விண்ணப்பத்துக்கும் உள்ள ஒற்றுமை இத்தோடு நிற்பதில்லை. 2026 நுழைவுக்கான விண்ணப்பங்களிலிருந்து யூகாஸ் ஒரே நீள்கட்டுரையை விட்டு மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறது: ஏன் இந்தத் துறை, கற்றவை எப்படி உங்களைத் தயார்படுத்தின, வகுப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் குறிப்பிடும் உறுப்புகளில் நுதலிய பொருளும் காரணமும் முதற் கேள்விக்கு விடை. இன்ன நூல் கற்றபின் இந்நூல் என்று உரைகாரர் விளக்கும் யாப்பு இரண்டாவதற்கு விடை.

மூன்றாவது கேள்விக்குப் பாயிரத்தில் இணை இல்லை. நூல் முடிந்தது, அதை மதிப்பிடலாம். நூலாசிரியர் ஓய்வு நேரத்தில் என்ன செய்தார் என்பது பாயிரத்துக்கு வேண்டாத செய்தி. விண்ணப்பம் இன்னும் முடியாத ஓர் ஆளைப் பற்றியது. ஆகவே ஞாயிறு அறநெறி வகுப்பில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னதும், அப்பாவின் கடையில் கணக்கு எழுதியதும் இங்கே இடம் பெறுகின்றன. ஆனால் அந்தச் செயல் துறைக்கு எப்படி உதவியது என்று சொல்லாவிட்டால், அது நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான மற்றொன்று விரித்தலாகிவிடும். பிரமாதமாகத் தொடங்கி விளையாட்டுப் பதக்கப் பட்டியலில் முடியும் வரைவுகளுக்கும் அதே பட்டியலில் பெயர் உண்டு: சென்று தேய்ந்திறுதல்.

அவையிலும் வேறுபாடு உண்டு. பனம்பாரனாருக்கு முன்னிருந்தது தெரிந்த ஓர் அவை. யூகாஸ் ஓலையோ ஒரே வாசகமாக ஐந்து மன்றங்கள் வரை போகிறது. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லி மெச்ச வழியில்லை, துறையைத்தான் பேச முடியும். இதை இழப்பாக நான் கருதவில்லை.

மிகப் பெரிய வேறுபாடு சொல்பவர் யார் என்பதில். நன்னூற்படி சிறப்புப் பாயிரம் செய்யத் தக்கவர்கள் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என நால்வர். நூலாசிரியர் அந்த வரிசையில் இல்லை. பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே மரபு சொல்கிறது. யூகாஸ் இந்த வேலையை இரண்டாகப் பங்கிடுகிறது: தற்கூற்று மாணவருக்கு, பரிந்துரை ஆசிரியருக்கு. பரிந்துரையில் மாணவரின் படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைச் சொல்லவும் தனிப் பகுதி உண்டு. 2022இல் மின்வெட்டும் எரிபொருள் தட்டுப்பாடும் பாடசாலை நாட்களைத் தின்றதுபோன்ற இடர்களை ஆசிரியர் அங்கே எழுதலாம்; மாணவர் தம் 4,000 எழுத்தை அதற்குச் செலவிடத் தேவையில்லை. வகுப்பில் முதலிடம், நல்லொழுக்கம் போன்ற புகழ்ச்சிகளும் ஆசிரியர் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். இந்தப் பங்கீடு சரியாக அமைய, வரைவை ஆசிரியரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மாணவர் எதைச் சொல்லவில்லை என்று தெரிந்த ஆசிரியருக்குத்தான் தாம் எதைச் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும்.